சாய்வு பூஜ்யம்

நெற்றியோரத்தில் வில்லையை ஒட்டுவதற்கு முன்னால் டாக்டர் அருள்தாஸ் சுடர்க்கொடியிடம் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"கிரிக்கெட் பாப்பீங்களா?"

"பொண்ணு போட்டா பாப்பேன் சார்."

"உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ரெண்டு நாடு ஆடுதுன்னு வைங்க. பத்து நிமிஷம் உக்காந்து பாத்தா என்ன ஆகும்?"

அவள் யோசித்தாள். "இவங்க ஜெயிச்சா தேவலைன்னு தோண ஆரம்பிச்சிரும்."

"ஏன் தோணுது?"

"தெரியல. சும்மா."

"அந்தச் 'சும்மா'வைத்தான் இது அமுக்கி வைக்கும்." மேஜை மேல் பொட்டு அளவில் கிடந்த வில்லையைக் காட்டினார். "நீங்க படிச்சது, உங்க ஞாபகம், புத்தி எதையும் இது தொடாது. ஒரு விஷயத்தைக் கேட்டதும், யோசிக்கிறதுக்கு முன்னாடியே மனசு ஒரு பக்கம் சாயுது பாருங்க, அது மட்டும் நடக்காது. நாப்பத்தஞ்சு நாள். எடுத்துட்டா ரெண்டு வாரத்துல பழையபடி ஆயிடுவீங்க."

"எல்லாருமா?"

"பெரும்பாலும்" என்ற டாக்டர், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

அந்தக் காலத்தில் உலகக் களஞ்சியம் வெறும் இணையதளமாக இருக்கவில்லை. பள்ளிக்கூடம், செய்தி நிறுவனம், நீதிமன்றம், வீட்டுச் சுவரிலிருந்து பேசும் கருவி என்று யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் அங்கிருந்துதான் வந்தது. பெரும்பாலானவர்கள் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே சில பக்கங்களின் முதல் வாக்கியத்துக்காக மனிதர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். அவற்றில் மிக நீண்ட சண்டை, இஸ்ரேல் நாடு பிறக்க வழிவகுத்த 'சியோனிசம்' என்ற கொள்கையின் பக்கத்தில் நடந்தது. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை பூட்டித் திறந்திருந்தார்கள். எழுதியவர்கள் சிலருக்கு வேலை போயிருந்தது. ஒருவர் வீட்டு வாசலில் கல் விழுந்தது. கடைசியில் களஞ்சியத்தின் நிர்வாகக் குழு, எந்தப் பக்கமும் சாய முடியாத மூன்று நடுவர்களை நியமிப்பது என்று முடிவு செய்தது. அவர்கள் எழுதும் முதல் பத்தி பத்து வருடத்துக்குப் பூட்டி வைக்கப்படும். எல்லா மொழிகளிலும் அதுவே வரும்.

லிமாவிலிருந்து ஒருவர். உலான் பாத்தரிலிருந்து ஒருவர். மூன்றாவது ஆள் சென்னையில் சுடர்க்கொடி.

பன்னிரண்டு வருடமாகக் களஞ்சியத்தில் அவள் ஏரிகளைப் பற்றியும் பாலங்களைப் பற்றியும் நீர்ப்பறவைகளைப் பற்றியும் எழுதி வந்தாள். யாருடனும் சண்டை போட்டதில்லை. கணவன் இறந்த பிறகு, மகள் இதழினி தூங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்வதுதான் அவளுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. நடுவர் பதவிக்கு வைத்த முந்நூறு கேள்விகள் கொண்ட தேர்வில் தேறியவர்களில் அவள்தான் மிகக் குறைவாகச் சாய்ந்திருந்தாள். 'குறைவாக' என்பது போதாது என்பதால்தான் வில்லை.

வில்லைக்கு முந்தைய வாரம் களஞ்சியத்தின் தரமணி அலுவலகத்தில் உட்கார்ந்து இரு தரப்புக் கோப்புகளையும் படித்தாள். அவ்னர் ஷமாஷ் என்பவர் இஸ்ரேலின் பீர்ஷெபா நகரில் பேருந்து வழித்தடங்கள் வகுத்து ஓய்வு பெற்றவர். ரீமா நஸ்ஸார் ஜோர்டானின் அம்மான் நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாலஸ்தீனப் பெண். பதினொரு வருடமாக அந்தப் பக்கத்தின் விவாத அரங்கில் இவர் எழுதியதை அவள் அழிப்பாள், அவள் எழுதியதை இவர் அழிப்பார். அவ்னரின் கோப்பைப் படித்த நாள் பேருந்தில் வரும்போது சுடர்க்கொடிக்குக் கண் கலங்கியது. ரீமாவின் கோப்பைப் படித்த நாள், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

வில்லையை ஒட்டிய பிறகு அதே கோப்புகளைத் திரும்பப் படித்தாள். எல்லாம் புரிந்தது. முன்பைவிடத் தெளிவாகவே புரிந்தது. நிறுத்தத்தில் சரியாக இறங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் விசாரணை. இருவரும் திரையில் வந்தார்கள். அவர்கள் ஹீப்ருவிலும் அரபியிலும் பேசியதைக் கருவி தமிழாக்கியது. குரலால் யாரும் ஈர்க்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இருவருக்கும் ஒரே குரல், ஏற்ற இறக்கமில்லாத ஒரு குரல் கொடுக்கப்பட்டிருந்தது.

"என் தாத்தா பாக்தாதில் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர்" என்றார் அவ்னர். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் இரண்டு நாள் எங்கள் தெருவில் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் அவரை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. பத்து வருடம் கழித்து ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பினார். இஸ்ரேலில் இரண்டு மழைக்காலம் கூடாரத்தில் கிடந்தார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை. நீங்கள் 'குடியேற்ற ஆதிக்கம்' என்று எழுதினால், உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரை அபகரிக்க வந்தவர் என்று என் பேத்தியிடம் கருவி சொல்லும். 'விடுதலை இயக்கம்' என்று எழுதுங்கள். அவர் விடுதலை ஆனார். அது நடந்தது."

ரீமா திரையில் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் முறை வந்ததும் நிமிர்ந்தாள்.

"அவருடைய தாத்தாவுக்கு இடம் வேண்டியிருந்தது. நான் மறுத்ததே இல்லை. ஆனால் அந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். என் அப்பாவின் பெரியப்பா கலிலேயாவில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். நாற்பத்தெட்டில் ஊரைவிட்டு ஓடும்போது வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் திரும்பி வந்து பாடம் நடத்தலாம் என்று நினைத்தார். நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கிறது. ஒருவரும் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. இப்போது அங்கே பள்ளியும் இல்லை, ஊரும் இல்லை. 'விடுதலை' என்று எழுதுவதானால், அந்தப் பிள்ளைகள் எதிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்."

சுடர்க்கொடி குறிப்பெடுத்துக்கொண்டாள்.

"நடுவர் அவர்களே, புரிந்ததா?" என்று கேட்டார் அவ்னர்.

"முழுவதும் புரிந்தது."

"எழுதிக்கொண்டீர்கள், பார்த்தேன்" என்றாள் ரீமா. "கேட்டீர்களா?"

கருவி சரியாக மொழிபெயர்க்கவில்லையோ என்று சுடர்க்கொடி நினைத்தாள். "கேட்டேன்" என்று பதில் சொன்னாள்.

வீட்டில் முதலில் இதழினிக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுகிற பெண். தோழியோடு நடந்த சண்டையைச் சொன்னால் அம்மா, "அவ பக்கமும் ஏதாவது இருக்கும்ல?" என்பாள். "சரிங்க ஜட்ஜம்மா" என்று இதழினி சிரிப்பாள். தான் சொல்லிக்கொடுத்த குழம்பு நன்றாக வந்ததா என்று அத்தை ஃபோனில் கேட்டால்கூட, அம்மா சாதக பாதகம் இரண்டையும் சொல்கிறாள் என்று கிண்டல் செய்வாள்.

இருபதாம் நாள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

தலைமையாசிரியை கிரேஸ் நவமணியின் அறையில் இதழினி சுவரை ஒட்டி நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அரையாண்டுத் தேர்வின் கணக்கு வினாத்தாள் முந்தின நாள் மதியமே மாணவர்களுக்குள் பரவியிருந்தது. முதல் படம் இதழினியின் டேப்லெட்டிலிருந்து போயிருந்தது.

"நான் அனுப்பலம்மா. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி தர்ஷிகா கேட்டா, குடுத்தேன். பத்து நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் குடுத்தா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"தர்ஷிகா வாங்கவே இல்லைன்னு சொல்றா" என்றார் தலைமையாசிரியை. அவர் கடுமையானவர் அல்ல. சொல்லப்போனால், தாய் கொஞ்சம் சத்தம் போட்டால் விஷயத்தை ஆறப்போடலாம் என்று எதிர்பார்த்தவர் போலத்தான் இருந்தார். "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

சுடர்க்கொடி இருக்கிற விவரங்களை மனதில் அடுக்கிப் பார்த்தாள். டேப்லெட்டிலிருந்து போயிருக்கிறது, அது உறுதி. கொடுத்தேன் என்கிறாள் ஒருத்தி. வாங்கவில்லை என்கிறாள் இன்னொருத்தி. சாட்சி யாரும் இல்லை.

"ரெண்டுமே நடந்திருக்கலாம் மேடம்" என்றாள். "எது நடந்துச்சுன்னு சொல்ற அளவுக்கு எங்கிட்ட எதுவும் இல்ல."

தலைமையாசிரியை அவளைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். பத்து நாள் வகுப்புக்கு வரக் கூடாது என்று கடிதம் தட்டச்சு ஆனது. மாவட்டக் கைப்பந்து அணியிலிருந்து இதழினியின் பெயர் எடுக்கப்பட்டது.

பேருந்தில் இதழினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். திருவான்மியூர் தாண்டியதும் கேட்டாள். "நான் பண்ணலைன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"எப்படித் தெரியும்? நான் அங்க இல்லயே."

"அங்க இருக்கணுமா?"

அந்தக் கேள்விக்குச் சுடர்க்கொடியிடம் பதில் இருந்தது. ஆமாம், இருந்திருக்க வேண்டும். அதைச் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோனது.

இதற்கிடையில் தீர்ப்பு வேலை முடிவை நெருங்கியது. நடுவர்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் அளவுமானி என்ற கருவி எடை போட்டு, சாய்வு எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும். 'விடுதலை' நாலு. 'குடியேற்றம்' நாலரை. 'தாயகம்' மூன்று. 'திரும்புதல்' மூன்றரை. இவை போகும் என்று மூவருக்கும் முன்பே தெரியும். ஆனால் அளவுமானி அதோடு நிற்கவில்லை. 'யூதர்' என்ற சொல் வந்ததுமே ஒரு புறம் அரைப் புள்ளி சாய்ந்தது. 'பாலஸ்தீனர்' என்றதும் மறுபுறம் அரைப் புள்ளி. இரண்டையும் சேர்த்துப் போட்டால், எது முதலில் வருகிறது என்பதில் சாய்ந்தது. 'மக்கள்' என்பதுகூடக் கால் புள்ளி.

நாற்பத்திரண்டாம் நாள் பூஜ்யம் வந்தது.

'சியோனிசம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் பின்னர் நிகழ்ந்த ஆட்சி மாற்றங்களுடனும் இடப்பெயர்வுகளுடனும் தொடர்புபடுத்தப்படும் ஒரு கருத்தியல்.'

லிமாக்காரர் கைதட்டினார். பூட்டு விழுந்தது. நிர்வாகக் குழுவின் தலைவர் கேசவமூர்த்தி நேரில் வந்து பூங்கொத்து கொடுத்தார். "நூத்து நாப்பது வருஷச் சண்டைம்மா. ஒரு வாக்கியத்துல முடிச்சிட்டீங்க."

நாற்பத்தைந்தாம் நாள் வில்லையை எடுத்தார்கள். இரண்டு வாரம் ஆனது. ஒரு மாதம் ஆனது. ஒன்றும் திரும்பவில்லை. டாக்டர் அருள்தாஸ் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்.

"சிலருக்கு நாள் ஆகும்" என்றார்.

"எத்தனை நாள் சார்?"

"இப்ப சொல்ல முடியல." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என் மேல கோவமா இருக்கீங்களா?"

"இல்ல சார். நீங்க முதல்லயே 'பெரும்பாலும்'னு சொல்லிட்டீங்க."

அந்தப் பதில் டாக்டருக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் தர்ஷிகா தன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவள் அப்பாவே பள்ளிக்கு அழைத்து வந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். தலைமையாசிரியை சுடர்க்கொடிக்கு ஃபோன் செய்தார். "உங்க பொண்ணு மேல தப்பே இல்லம்மா. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்."

"உங்க கிட்ட இருந்த ஆதாரத்துக்கு நீங்க செஞ்சது சரிதான் மேடம்" என்றாள் சுடர்க்கொடி.

சமையலறை வாசலில் நின்றிருந்த இதழினி அதைக் கேட்டாள். அன்று சாயங்காலமே ஒசூரில் இருக்கும் அத்தை புனிதாவை அழைத்து, தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். புனிதா மறுநாள் வந்தாள். இறந்துபோன அண்ணனின் மனைவி மேல் அவளுக்கு எப்போதும் பிரியம்தான்.

"அவ சின்னப் பொண்ணு அண்ணி. நீங்க அவளைப் போகாதடின்னு ஒரு வார்த்த சொன்னா நின்னுருவா."

சுடர்க்கொடி அதையும் யோசித்தாள். மகள் இங்கே இருப்பதற்கும் காரணங்கள் இருந்தன, அங்கே போவதற்கும் இருந்தன. பதில் சொல்ல நேரம் எடுத்தது. அதற்குள் இதழினி பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

பூட்டு விழுந்த எழுபதாம் நாள் மேல்முறையீடு ஒன்று வந்தது. அதில் இரண்டு கையெழுத்துகள். அவ்னர் ஷமாஷ், ரீமா நஸ்ஸார். பதினொரு வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய முதல் பத்தி அதுதான்.

'நாங்கள் எதிலும் ஒத்துப்போவதில்லை. இனியும் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் எங்களில் ஒருவருமே இல்லை. பாக்தாதிலிருந்து வந்தவரும் இல்லை, பள்ளி ஆசிரியரும் இல்லை. எங்களுக்குள் இருக்கும் வழக்கைத் தீர்ப்பதாகச் சொல்லி எங்கள் இருவரையும் அழித்திருக்கிறீர்கள். பொய் சொல்லும் எதிரியோடு வாதாட முடியும். இதனோடு முடியவில்லை.'

விதி இதுதான்: மூன்று நடுவர்களில் ஒருவராவது தன் தீர்ப்பே பிழை என்று எழுதிக் கொடுத்தால் பூட்டு திறக்கும். மற்ற இருவரும் மறுத்துவிட்டார்கள். ஒருவர், சாய்வு பூஜ்யம் என்று அளவுமானியே சொல்லியிருக்கிறது என்றார். கேசவமூர்த்தி ஃபோன் செய்தார்.

"நீங்களும் 'இல்லை'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சது."

"படிச்சுட்டுச் சொல்றேன் சார்."

அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். மனு மீது இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதையும் ஒரு விவரமாகக் குறித்துக்கொண்டாள். நான்காம் நாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினாள். அந்த அறிக்கை களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியானது.

'என் மகள் குற்றம் செய்தாளா என்று என்னிடம் கேட்டார்கள். பதினான்கு வருடம் அவளை வளர்த்ததை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. அதைச் சாய்வு என்று ஒதுக்கினேன். அது அறிவும்கூட என்பது பின்னர் தெரிந்தது. அவள் குற்றமற்றவள். அந்த விஷயத்தில் தவறிய அதே முறையில்தான் இந்தப் பக்கத்தையும் தீர்மானித்தேன். மகளைப் பதினான்கு வருடம் அறிந்தும் தவறினேன் என்றால், இவர்களை நாற்பது நாள் அறிந்து சரியாக முடிவு செய்தேன் என்று நம்ப இடமில்லை. இரண்டு இனத்தாரின் பெயரையும் நீக்கியபோது எனக்குக் கை தயங்கவில்லை. தயங்கியிருக்க வேண்டும். என் தீர்ப்பு பிழை.'

பூட்டு மதியம் பன்னிரண்டுக்குத் திறந்தது. ஒரு மணிக்குள் முதல் வாக்கியம் பத்தொன்பது முறை மாறியது. 'விடுதலை' வந்தது, போனது. 'குடியேற்றம்' வந்தது, போனது. மூன்றாவது மணி நேரத்தில் அவ்னர் ரீமாவைப் பொய்க்காரி என்று எழுதினார். ரீமா அவரைத் திருடரின் பேரன் என்று எழுதினாள். இருவரையும் ஒரு வாரத்துக்கு விலக்கி வைத்தார்கள். உலகமெங்கும் சுவர்க் கருவிகள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லின.

"பழைய குப்பைக்கே போயிட்டோம், பாத்தீங்களா?" என்றார் கேசவமூர்த்தி. இந்தத் திட்டத்துக்காக ஆறு வருடம் அலைந்தவர் அவர். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையாம்மா?"

"இல்ல சார். சந்தோஷமும் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒசூர் போனாள். இதழினி வீட்டில் வைத்துப் பேச விரும்பவில்லை. அம்மா திரும்பிப் போகும் நேரத்தில் பேருந்து நிலையம் வரை கூட வந்தாள். சாத்துக்குடி ஜூஸ் கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த பேருந்துகள் புகையை விட்டுவிட்டுத் திரும்பின. இதழினி கொஞ்சம் இளைத்திருந்தாள். புதுப் பள்ளியில் கைப்பந்து இல்லை என்றாள்.

"நீ எழுதினதைப் படிச்சேன்" என்றாள், டம்ளரைப் பார்த்தபடி. "க்ளாஸ்ல எல்லாரும் படிச்சாங்க. என் பேர் போடலைன்னாலும் நான்தான்னு கண்டுபிடிச்சுட்டாங்க."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல." கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்காகவா எழுதின?"

சுடர்க்கொடி யோசித்தாள். அவளுக்காக எழுதவில்லை. ஒரு முறை ஓரிடத்தில் தவறியது, ஆகவே இன்னோரிடத்திலும் தவறியிருக்கும் என்ற கணக்கு அது. மகளின் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அதே வரிகளைத்தான் எழுதியிருப்பாள். சரியான பதில் 'இல்லை'. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மகள் உதட்டைக் கடித்தபடியே இருந்தாள்.

"ஆமாடி" என்றாள் சுடர்க்கொடி. "உனக்காகத்தான்."

இதழினி திரும்பி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அங்கே எதையோ தேடி, அது இல்லை என்று தெரிந்துகொண்டவள் போல மெல்லத் தலையை ஆட்டினாள்.

"பொய்."

"ஆமா."

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"தெரியல. உனக்கு அதைக் கேக்கணும் போல இருந்த மாதிரி இருந்துச்சு."

சென்னை வண்டி உள்ளே வந்து நின்றது. நடத்துநர் இறங்கி, ஊர்ப் பெயரை இரண்டு தரம் கத்திவிட்டு டீ குடிக்கப் போனார். இதழினி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம் ஆகும்."

"அப்போ" என்றாள் இதழினி, "இன்னொரு தடவை சொல்லு."